டிரைவர் நம்பர் ஒன்

சர்ச் வாசலில் சாமியார் புது வண்டியை மந்திரித்து, பானெட்டின் மேல் கடைசிக் கை தீர்த்தம் தெளித்த நிமிஷத்தில், ஸ்தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சபதம் எடுத்தார். வீட்டில் ரோசரியின் ராஜ்ஜியம் நடக்கிறது. நடந்துவிட்டுப் போகட்டும், அதைக் கவிழ்க்கிற வயசு தாண்டிவிட்டது. ஆனால் இந்த நாலு கதவுக்குள் தன் பேச்சு மட்டும்தான் எடுபட வேண்டும். தப்பித்தவறிக்கூட ரோசரி சொன்ன எதுவும் இங்கே நடக்கக் கூடாது.

சபதத்துக்குக் காரணம் கல்லூரி ஸ்டாஃப் ரூம். ஸ்தனிஸ்லாஸ் கணக்குப் பேராசிரியர். ஆறடிக்கு மேலே இரண்டு விரல்கடை. அவர் பிளாக்போர்டின் உச்சியில் எழுதியதை அழிக்க அட்டெண்டர் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அப்படிப்பட்டவர் வீட்டில் ஃபேன் எந்த நம்பரில் ஓடலாம், காப்பிக்குச் சர்க்கரை உண்டா கிடையாதா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எந்தச் சட்டை என்பதையெல்லாம் முடிவு செய்வது அவர் சட்டைப் பாக்கெட் உயரத்துக்குக்கூட வராத ரோசரி. இந்த விஷயம் எப்படியோ கல்லூரிக்குப் போய்விட்டது. கார் புக் செய்ததற்கு இனிப்பு கொடுத்தபோது, வேதியியல் சௌரிராஜன் பாதுஷாவை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கார் வாங்கறது பெரிசில்லே சார். ஸ்டியரிங்கை நீங்க பிடிச்சிண்டிருப்பேள். ஓட்டறது உங்காத்துக்காரி, பக்கத்து சீட்லேர்ந்து."

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த வரலாற்றுக்காரர்கூட எழுந்து சிரித்துவிட்டு மறுபடி தூங்கினார். ஸ்தனிஸ்லாஸ் மிச்சமிருந்த பாதுஷாவைத் தராமல் டப்பாவை மூடிவிட்டார்.

வண்டி வந்தது. நடுவில் பெரிய திரை. அதைக் காட்டி, இதில் டிரைவர் ஒன்று, டிரைவர் இரண்டு என்று தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம், உங்கள் சீட், கண்ணாடி, ஏசி, லைட், எல்லாம் உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படியே வண்டி ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று ஷோரூம் பையன் விளக்கினான். ஸ்தனிஸ்லாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு என்ன பிடிக்கும் என்று இந்த உலகத்தில் ஒரு பொருள் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறது.

மந்திரித்த அன்று மத்தியானம், மேலப்புதூரில் வீட்டு வாசலில், பிரியாணி உண்ட களைப்போடு வண்டிக்குள் ஏறினார். ரோசரி கை துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஏற்கனவே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கணக்குக்காரர் அல்லவா? ரோசரி எதைச் சொன்னாலும் அதற்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டுவிடுவது. மேலே என்றால் கீழே, முன்னால் என்றால் பின்னால். யோசிக்க வேண்டிய வேலையே இல்லை, தப்பு வரவும் வழியில்லை.

"சீட்டை நல்லாப் பின்னாடி தள்ளிக்கிட்டு, சாய்ஞ்சாப்புல உக்காருங்க. உங்க காலுக்கு அதான் சரியா இருக்கும்" என்று ரோசரி ஆரம்பித்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் பட்டனை அழுத்தினார். சீட் ரீங்காரம் போட்டுக்கொண்டு முன்னால் போயிற்று. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் முட்டும் வரை போயிற்று. அடுத்து, தலை இடிக்கும், சீட்டைக் கீழே இறக்கிக்குங்க என்றாள். அவர் மேலே ஏற்றினார். தலை கூரையைத் தொட்டது.

"இப்படித்தான் ஓட்டணும். ரோடு தெரிய வேணாமா?"

"எனக்கென்னங்க, ஓட்டுறது நீங்க."

அப்பாடா, முதல் வெற்றி. கண்ணாடிகளை மேலே தூக்கி வையுங்கள் என்றாள். கையோடு கையாக அவற்றையும் கீழே இறக்கி, டிரைவர் ஒன்று என்பதில் பதிந்தார். ஏசிக்கு வந்தார்கள். பதினெட்டில் வையுங்கள், எனக்கு வேர்க்கிறது என்றாள் ரோசரி. ஸ்தனிஸ்லாஸ் இருபத்தேழில் வைத்தார். ஸ்டியரிங்கை நல்லா இறுக்கமா வெச்சுக்கிட்டாத்தான் ஆம்பளைக்கு அழகு என்றாள். திரையில் இருந்ததிலேயே லேசானதை அவர் தேர்ந்தெடுத்தார். சுண்டு விரலால் சுற்றினால் சுற்றியது. ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்துகிறதே, அதை அணைத்துவிடுங்கள், காது கிழிகிறது என்றாள். அவர் சத்தத்தை உச்சிக்கு ஏற்றினார். எதிர் வீட்டுத் தொட்டிலில் குழந்தை எழுந்து அழுதது.

உள்ளே கதவோரமாக எரிகிற அலங்கார விளக்குக்கு அறுபத்து நாலு நிறம் உண்டாம். ரோசரி இந்த இடத்தில் கொஞ்சம் கெஞ்சவே செய்தாள்.

"எந்தக் கலர் வேணா வைங்க. ரோஸ் மட்டும் வேண்டாங்க. பேராசிரியர் வண்டி, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

ரோஸ் கலர் எரிந்தது. ஸ்தனிஸ்லாஸுக்கு ரோஸ் கலரைக் கண்டாலே ஆகாது. ஆனால் சுதந்திரத்தின் நிறம் இதுதான் என்றால் அவர் என்ன செய்ய முடியும்?

கடைசியில் பூட்டு. இத்தனையும் பாடுபட்டு அமைத்ததை யாரும் மாற்றிவிடாமல் இருக்க, நாலு எண்ணில் ஒரு ரகசிய நம்பர் போடலாம், வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும் என்று திரை சொன்னது. லாக் எல்லாம் எதுக்குங்க என்று ரோசரி வாயைத் திறந்த உடனே லாக் உறுதியாகிவிட்டது. என்ன நம்பர் போடுவது என்று அவர் யோசித்த நேரத்தில், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சாவதானமாகச் சொன்னாள்.

"எதை வேணா போடுங்க. நம்ம கல்யாண நாளை மட்டும் போட்டுடாதீங்க. உங்களுக்கு எந்த வருஷம் அது ஞாபகம் இருந்திருக்கு?"

இது வெறும் யோசனை இல்லை, அவமானம். ஸ்தனிஸ்லாஸ் தேதியையும் மாதத்தையும் டக் டக்கென்று அழுத்திவிட்டு, மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ஞாபகம் இருக்கிறதாம். ரோசரி தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றுப் போனவர்கள் அப்படித்தான் குனிவார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஸ்தனிஸ்லாஸின் நடையே மாறிவிட்டது. உண்மையில் மாறியது முழங்கால் வலியால். அவர் அதைக் கம்பீரம் என்று சொல்லிக்கொண்டார். ஏப்ரல் வெயிலில், இருபத்தேழு டிகிரியில், ஒரு கைக்குட்டை நனைந்து இரண்டாவது கைக்குட்டையும் நனைய, தலை கூரையில் தட்டத் தட்ட, பாலக்கரை வழியாகக் கல்லூரிக்கு ஓட்டிப் போனார். இறங்கும்போது ஒரு காலை வெளியே எடுத்துவைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வெளியே எடுப்பார். ஸ்டாஃப் ரூமில் நுழைந்ததும் அன்றைய வெற்றியை வாசிப்பார். ரோசரி இப்படிச் சொன்னாள், நான் அப்படிச் செய்தேன். சௌரிராஜன் மட்டும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் அவருடைய மாபெரும் வெற்றி நடந்தது. ரோசரி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருபது வருஷமாக மூன்றாம் வகுப்பு. தினம் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முட்டி மோதி டவுன் பஸ் ஏறி, கம்பியைப் பிடிக்க எட்டாமல் யாருடைய பையையாவது பிடித்துக்கொண்டு காவிரியைத் தாண்டுவாள். முன்னொரு காலத்தில், கார் ஓட்டக் கத்துக்கட்டுமாங்க என்று கேட்டிருக்கிறாள். உனக்கெதுக்கு அது என்று இவர் மறுத்திருக்கிறார். அது பழைய கதை. இப்போது ஒரு நாள் வண்டியில் போகும்போது தானாகவே சொன்னாள்.

"நல்லவேளைங்க, இந்த ஓட்டுற வம்பெல்லாம் எனக்கு வேண்டாம். நீங்களே கத்துக்கோன்னு சொன்னாலும் நான் போக மாட்டேன்."

"போக மாட்டியா?"

"மாட்டேங்க."

"நாளைக்கே போற."

மறுநாள் அவரே கூட்டிக்கொண்டு போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தார், பணம் கட்டினார். ஒரு நாள் மட்டம் போட்டால்கூடத் தனக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அங்கே சொல்லித் தரும் லூர்துராணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். ரோசரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தினம் போனாள். ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை, பயந்துவிட்டாள். லைசன்ஸ் தபாலில் வந்த அன்று ஸ்தனிஸ்லாஸ் அதை வாங்கி, தான் பிடித்த மீனைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த வாரமே சந்தர்ப்பமும் வாய்த்தது. கல்லூரி முதல்வர் மகளுக்குத் தில்லை நகரில் நிச்சயதார்த்தம். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சௌரிராஜனைத் தானே வந்து அழைத்துப் போவதாக ஸ்தனிஸ்லாஸ் அடம் பிடித்தார். பெட்ரோல் போனால் போகட்டும், அந்த மனுஷன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

தெற்குச் சித்திரை வீதி முனையில் சௌரிராஜன் மடிப்புக் கலையாத வேட்டியோடு நின்றார். ஏறினார், பின்சீட்டில் உட்கார்ந்தார், ரோஸ் வெளிச்சத்தைப் பார்த்தார். வண்டி நகர்ந்ததும் ரோசரி முன்சீட்டிலிருந்து, சார் பாவம் வேர்த்து ஊத்துறாரு, ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்களேன் என்றாள்.

"முடியாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ், பின்னால் கேட்கிற மாதிரி.

"அந்த சீட்டையாவது கொஞ்சம் பின்னாடி..."

"முடியாதுன்னா முடியாது."

கண்ணாடியில் சௌரிராஜனின் புருவம் ஏறுவது தெரிந்தது. அம்மா மண்டபம் சாலை திரும்புவதற்குள் அவர் அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மனசார ஒப்புக்கொண்டார்.

"வாபஸ் வாங்கிக்கறேன் சார். இந்த வண்டிக்குள்ள உங்க பேச்சுதான். நானே திங்கட்கிழமை எல்லார்கிட்டயும் சொல்றேன்."

ஸ்தனிஸ்லாஸுக்கு வாழ்க்கையில் அதுவரை இல்லாத ஆனந்தம். அந்த ஆனந்தத்தில் மார்பை நிமிர்த்தினார். மார்பு நிமிர்ந்ததில் இடுப்பு நகர்ந்தது, இடுப்பு நகர்ந்ததில் இத்தனை நாளாக மடங்கியே கிடந்த வலது கெண்டைக்கால் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. மாம்பழச்சாலையில் எப்படியோ ஓரம் கட்டி வண்டியை நிறுத்திவிட்டு, "ஆ" என்று கத்தினார்.

சௌரிராஜன் இறங்கி ஓடிவந்து அவரைக் கட்டித் தூக்கி வெளியே எடுத்தார். காலை ஊன்ற முடியவில்லை. சௌரிராஜனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"வேற வழியில்ல, நான் எடுக்கறேங்க" என்றாள் ரோசரி.

சுற்றிவந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். திரை ரகசிய நம்பர் கேட்டது. ஸ்தனிஸ்லாஸ் பக்கத்து சீட்டில் முனகிக்கொண்டே சொல்ல வாயெடுப்பதற்குள் அழுத்திவிட்டாள். சீட்டை நகர்த்தவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை. ஏசி, ஸ்டியரிங் எதையும் மாற்றவில்லை. கால் பெடலில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பீப் பீப் என்று தெருவே அதிர ரிவர்ஸ் எடுத்து, காவிரிப் பாலத்தில் ஏறி, அலுங்காமல் ஓட்டினாள்.

சௌரிராஜன் வேதியியல்காரர். எது எதோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். பாதிப் பாலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மேடம், நீங்க ஒண்ணுமே மாத்திக்கலையே? உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரின்னா இருக்கு."

ஸ்தனிஸ்லாஸின் முனகல் நின்றது. மனைவியின் காலைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அந்த ஆறடி உடம்புக்குள் ஏதோ ஒரு கணக்கு மளமளவென்று பின்பக்கமாக ஓடியது.

"ரோசரி. அந்த ஏசி..."

"எனக்கு சைனஸ் இருக்குல்லங்க. குறைச்சா தும்மல் வந்துடும்."

"ரோஸ் லைட்டு?"

"ரோஸுன்னா எனக்கு உசிருங்க."

"கல்யாண நாளு?"

"நீங்கதான் வருஷா வருஷம் மறந்துடுறீங்க. இப்ப தினம் அழுத்துறீங்கள்ல?" என்றாள் ரோசரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் ஆறுதலாகச் சொன்னாள். "மனசுல வெச்சுக்காதீங்க. என் வகுப்புல இந்த வருஷமும் ரெண்டு பேர் இப்படி இருக்காங்க. எழுதாதேன்னு சொன்னாத்தான் எழுதுவாங்க. நல்ல பிள்ளைங்கதான்."

பின்சீட்டில் சௌரிராஜன் இருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஸ்தனிஸ்லாஸுக்கு ரத்தம் கொதித்தது. ராஜ்ஜியம் போயிற்று. திங்கட்கிழமையும் போயிற்று. பாலம் முடிகிற இடத்தில்தான் அந்த யோசனை பிறந்தது. இத்தனை நாள் தப்பு எங்கே நடந்தது? அந்த மைனஸில். அதை எடுத்துவிட்டால்? இவள் எதைச் சொன்னாலும் அப்படியே, அட்சரம் பிசகாமல் செய்துவிட்டால்? அவளுடைய தந்திரம் மொத்தமும் தவிடுபொடியாகிவிடாதா? என்ன எளிமையான விடை. இருபது வருஷ அனுபவத்தை ஒரே அடியில் வீழ்த்துகிற விடை.

"ரோசரி, கேட்டுக்க. சார், நீங்களும் கேட்டுக்குங்க, சாட்சி. இந்த நிமிஷத்திலேர்ந்து நீ என்ன சொன்னாலும் நான் அப்படியே செய்யப்போறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். இனிமே உன் வித்தை எங்கிட்ட பலிக்காது."

ரோசரி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஐயோ, அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க" என்றாள். "அப்புறம் நான் என்னங்க செய்வேன்?"

"செய்யத்தான் போறேன்."

"வேண்டாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"முடிவு பண்ணியாச்சு."

ரோசரி நீளமாகப் பெருமூச்சு விட்டாள். அப்படியே நொறுங்கிப்போய்விட்டாள் என்று ஸ்தனிஸ்லாஸ் கண்டுகொண்டார்.

"சரிங்க, உங்க இஷ்டம். அப்போ நீங்க பின்னாடி போய்க் காலை நீட்டி உக்காருங்க, சார் முன்னாடி வரட்டும். திங்கட்கிழமையிலேர்ந்து இந்த வண்டியில நான் ஸ்கூலுக்குப் போறேன், நீங்க பஸ்ல காலேஜுக்குப் போங்க."

இந்தத் தடவை அவளைத் தப்பவே விடக் கூடாது என்ற உறுதியோடு ஸ்தனிஸ்லாஸ் கதவைத் திறந்து இறங்கி, நொண்டிக்கொண்டே போய், வெற்றிப் புன்னகையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.