சத்தம் போடாத பவர் சப்ளை

நான் வாயால் கெட்டவன். (வாயை மூடியிருந்த நாட்களில் ஒரு கேடும் வந்ததில்லை. அப்படியான நாட்கள் குறைவு என்பதுதான் பிரச்சினை.)

அப்போது வன்னியில், அக்கராயன் ஊரில், வயல் செய்யும் கமக்காரர்களின் சங்கம் ஒன்றில் தற்காலிக ஊழியனாக இருந்தேன். என்னைப் போலவே தற்காலிகமாக யாழினி என்றொருத்தியும் இருந்தாள். நிரந்தர இடமோ ஒன்றுதான். அவள் அதை வேலை செய்து பிடிக்கப் பார்த்தாள். நான் பேசிப் பிடிக்கப் பார்த்தேன்.

மின்கட்டணம் ஏறியிருந்த காலம். சங்கத்துக் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி உழவு இயந்திரம் மாதிரி இரையும். கை வைத்தால் சுடும். மின்சாரத்தை வெறும் சூடாக்கி வீணடிக்கிறது என்று தலைவரின் காதில் ஓதி ஓதி, சிக்கனமான புதியது ஒன்றை வாங்க வைத்தேன். அவர் அதோடு விடவில்லை. அதற்கு நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை, ஒலிபெருக்கி, தலைமையுரை எல்லாம் வைத்தார். (மிச்சம் பிடிக்கப்போகும் மின்சாரத்தை அந்த ஒலிபெருக்கியே முற்பணமாகக் குடித்திருக்கும்.)

விளக்கவுரை என்னுடையது. இது அதிகம் சூடாகாது, ஆகவே சின்ன வேலைகளுக்கு உள்ளே இருக்கும் விசிறி சுற்றவே சுற்றாது, சத்தமும் வராது என்று அரை மணி நேரம் முழங்கினேன். கமக்காரர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். தேநீர் அதற்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்தோம்.

தலைவர் சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. திரையும் கறுப்பு.

நான் உருத்திரபுரத்து வயல்காரன் மகன். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் சத்தம் நின்றால் சோற்றுக் கையோடு எழும்பி ஓடுகிற குடும்பம். சத்தம் இல்லையென்றால் பழுது, அவ்வளவுதான். ஊருக்கு முழங்கிய விளக்கம் எனக்கே மறந்துபோனது.

“தம்பி, மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்குது,” என்றார் தலைவர்.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அறிவித்துவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன். மாலையோடு இருந்த புதியதைப் பிடுங்கிவிட்டுப் பழையதையே மாட்டினேன். அது இரைந்தது. சபை கைதட்டியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அடுத்து எதைக் கழற்றலாம் என்று வியர்க்க வியர்க்க நான் பார்த்துக்கொண்டிருக்க, யாழினி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

“மொனிட்டரை ஆர் ஓஃப் பண்ணினது?”

நான்தான். முதல் நாள் பின்னேரம், அதில் ஒரு பொட்டு விளக்கு வீணாக எரிகிறதே என்று சிக்கனம் பார்த்து அணைத்திருந்தேன். அவள் ஒரு விரலால் அமத்தினாள். திரை வெளிச்சமானது. எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

புதியதில் பழுதில்லை, திரும்ப மாட்டுகிறேன் என்று கெஞ்சினேன். தலைவர் இறங்கி வரவில்லை.

“வேண்டாம் தம்பி. இதெண்டால் வேலை செய்யிறது கேக்குது.”

புதியது இன்றும் சங்கத்து அலுமாரிக்குள் கிடக்கிறது. துளி மின்சாரமும் எடுப்பதில்லை. அதைவிடச் சிக்கனமான பவர் சப்ளை இந்த வன்னியில் கிடையாது.

நிரந்தர வேலை யாழினிக்குக் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து எனக்கு யாழினி கிடைத்தார். (மரியாதை தானாக வந்துவிட்டது, பார்த்தீர்களா?)

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடக்கும்போது யாராவது வீட்டுக்கு வந்தால், யாழினி வந்தவரிடம் சொல்வது இதுதான்: “அவர் வேலையிலதான் இருக்கிறார். விசிறிதான் சுத்தேல்ல.”

நான் உடனே ஒரு குறட்டை விடுவேன். வேலை செய்வது கேட்க வேண்டுமல்லவா?