தீப்பெட்டிக்கு அனுமதி இல்லை

எனக்குக் கல்யாணம் நடந்ததற்குக் கேபிள் திருடர்கள்தான் காரணம். அந்தப் புண்ணியவான்களை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. (பார்த்திருந்தால் ஓடியிருப்பேன் என்பது வேறு விஷயம்.)

அப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்த ஓர் எண்ணெய்க் கிணற்றுக்கு நான் பாதுகாப்பு அதிகாரி. எனக்குக் கீழே மொத்தப் படையும் கோவிந்தராசு என்ற ஒரே காவலர்தான். சுற்றிலும் முள்வேலி, அதற்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நெற்பயிர். வேலியில் ஓர் ஓட்டையை அடைத்தால் மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும், ஆடு மேய்ப்பவர்களுக்கு அதுதான் குறுக்கு வழி. போனில் பேசத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். இந்த லட்சணத்தில், அடுத்த கிணற்றில் செம்புக் கேபிளை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "உங்க இடத்துல ஒரு அடி போனாலும் நீங்க வீட்டுக்குக் கெளம்பிடலாம்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

வீட்டில் வேறு கவலை. வருகிற பெண் வீட்டாரெல்லாம் எனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். "பாதுகாப்பு அதிகாரி" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். "அதாவது, வாட்ச்மேன்" என்று அவர்கள் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். முன்மண்டை வேறு வேகமாக வழுக்கையாகிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்க, ஒருநாள் காலை டீக்கடைக்காரர் என் காதருகே குனிந்தார். "சார், ரெண்டு பேரு ஒங்களப் பத்தித் துருவித் துருவிக் கேக்குறாங்க. எப்ப வர்றாரு, தனியா வர்றாரா, குடிப்பாரான்னு..."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! பயிற்சி வகுப்பில் இதைத்தானே சொன்னார்கள்? கைவைப்பதற்கு முன்னால் காவலில் இருப்பவனின் பழக்கவழக்கங்களை நோட்டம் விடுவார்கள் என்று. வந்தேவிட்டார்கள்! பயமாகத்தான் இருந்தது. ஆனால் மேலதிகாரி எனக்குச் சால்வை போர்த்தும் காட்சி அதற்குள் மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

உச்சி வெயிலில் கோவிந்தராசு கை நீட்டினார். வேலிக்கு வெளியே வரப்பில் இரண்டு பேர். வெள்ளை வேட்டிக்காரர் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்க, இன்னொருவர் செல்போனில் என்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"விடாதீங்க, கோவிந்தராசு!" என்று பாய்ந்தேன். நான் கட்டிய முள்வேலி என் சட்டையைத்தான் முதலில் பிடித்தது. பாதிச் சட்டையோடு நான் வந்த வேகத்தைப் பார்த்துப் போன்காரர் வாய்க்காலில் விழுந்தார். இருவரையும் தகரக் கொட்டகைக்கு ஓட்டி வந்தோம்.

"தம்பி, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்றார் வேட்டிக்காரர்.

"கேட்டா மட்டும் பேசுங்க!"

"இல்ல தம்பி, நாங்க திருவிடைமருதூர்லேருந்து..."

"வாயத் தெறக்கக் கூடாது! கையத் தூக்குங்க!"

அவர் சட்டைப்பையில் தீப்பெட்டி! எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி! "இது கேபிளோட நிக்கிற விஷயமில்ல" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அடுத்து மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். என் போட்டோ விழுந்தது. என்னையே தீர்த்துக்கட்டத் திட்டம்!

அப்புறம்தான் போட்டோவில் நான் போட்டிருந்த கோட்டைக் கவனித்தேன். விரல் நுனி வரை தொங்கும் கை. ஸ்டூடியோவில் இரவல் வாங்கி மாட்டியது. அந்தப் படம் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. பெண் வீட்டாருக்குக் கொடுக்க.

"இப்பப் பேசலாங்களா?" என்றார் வேட்டிக்காரர், தூக்கிய கையை இறக்காமலே.

"பேசலாங்கய்யா."

"நான் பொண்ணோட அப்பா."

"தாய்மாமன்" என்றார் மற்றவர், காதிலிருந்து சேற்றை வழித்தபடி.

மாப்பிள்ளையைப் பற்றி வெளியே ரகசியமாக விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, பையன் குடிப்பானா என்று டீக்கடையில் கேட்டவனே நான்தான்! வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் இருவரும் கிளம்பினார்கள். கேபிள் ஒரு அடிகூடப் போகவில்லை. மானம்தான் மொத்தமாகப் போயிருந்தது. இனி எந்தப் பெண் வீட்டார் இந்தப் பக்கம் வருவார்கள் என்று அன்று உண்மையாகவே அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டி மேல் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "டேய், பொண்ணு சரின்னுட்டாடா!" என்று அம்மா கத்தினாள். நான் தொட்டிக்குள் விழாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

நடந்ததைக் கேட்டுப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "எங்கப்பாவப் பேசவிடாம உக்கார வெச்சாரா? எங்கம்மாவால முப்பது வருசமா முடியல. இவரையே முடிங்க" என்றாளாம்.

தலை தீபாவளிக்குப் போனபோது மாமனார் வாசலிலேயே மறித்தார். "கையத் தூக்குங்க மாப்ள." தெருவே வேடிக்கை பார்க்க, என் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டார். "இதுக்கு உள்ள அனுமதி இல்லீங்க."

ஊரே வெடி வெடித்த அந்தக் காலையில், புது வேட்டியோடு, வெடியைப் பற்றவைக்க எரியும் ஊதுவத்தி தேடி அலைந்த தலை தீபாவளி மாப்பிள்ளை நான் ஒருவன்தான். சோதனை இன்றும் தொடர்கிறது. இப்போது என் பையைத் துழாவுவது என் மகள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"கேட்டா மட்டும் பேசுங்க!"