பின்பிரேக் உதவியாளர்

குடியேறி வந்த விவசாயிகள்பால் நிர்வாகம் கொண்டிருந்த அளவுகடந்த அக்கறையின் பலனாக, அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்த வயல் மேற்பார்வைக் கிளை அலுவலகத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கப்பலில் வந்து இறங்கியது. மேற்பார்வை பார்க்கவேண்டிய வயல்களெல்லாம் கடல் தாண்டி அக்கரையில், பாம்பூஃப்ளாட் ஊருக்கு அப்பால் இருந்தன. அலுவலகம் மட்டும் இக்கரையில், மின்னி பே கடற்கரையில் இருந்தது. கிளை அதிகாரி ஜெகநாதனுக்கு அங்கே அடிக்கும் காற்று ஒத்துக்கொண்டது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது.

அக்கரைக்குப் போகும் பயணிகள் படகில் ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட சாமான் எதையும் அதில் ஏற்றக்கூடாது. சரக்குப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். சரக்குப் படகு எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. மோட்டார் சைக்கிளை நிறுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஜெகநாதன் கூட்டம் போட்டார். பியூன் பன்னீர்செல்வம் டீயை வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எதைக் கழற்றுவது என்பதுதான் விவாதம். எஞ்சினைக் கழற்றினால் வண்டியைத் தள்ள வேண்டும். அது பதவிக்குப் பொருந்தாது. ஹாரனைக் கழற்றினால் அதிகாரி வருவது ஜனங்களுக்குத் தெரியாது. முன்பிரேக் கைக்குப் பக்கத்தில், கண்ணெதிரே இருக்கிறது. பின்பிரேக்கோ எங்கோ பின்னால் கிடக்கிறது; ஓட்டுகிறவர் அதை ஒருநாளும் பார்ப்பதில்லை. பார்வையிலேயே படாத ஒன்றை அரசாங்கம் எதற்காகச் சுமக்க வேண்டும் என்று ஜெகநாதன் கேட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பஜாரில் பட்டறை வைத்திருந்த நசீருதீன் வேலையை ரசித்துச் செய்தார். பிரேக் கட்டை, கம்பி, பெடல் எல்லாம் கழன்றன. போதாதென்று பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் வரிசையாகத் துளை போட்டு, ஆரக்கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை உருவினார். வெளிநாட்டில் பந்தய வண்டிகளையெல்லாம் இப்படித்தான் இளைக்க வைக்கிறார்கள் என்று வருகிற போகிறவர்களிடம் சொன்னார். அவர் வெளிநாடு போனதில்லை. கேட்டவர்களும் போனதில்லை என்பதால் பேச்சு எடுபட்டது.

வண்டி படகேறியது. பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே உள்ள இறக்கத்தில் ஜெகநாதன் முன்பிரேக்கை மட்டும் பிடித்தார். வண்டி உதயசூரியன் என்ற குடியானவரின் வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து, கடைசியில் உதயசூரியன் மேலேயே போய் நின்றது. அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஜெகநாதனுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று போயிற்று.

மறுநாள் மீண்டும் கூட்டம். பிரேக் தேவையில்லை என்ற பழைய முடிவை மாற்றினால் அதை எடுத்தவர்களுக்கு அவமானம். ஆனால் வண்டி நிற்கவேண்டியிருக்கிறது. எனவே பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து, அதிகாரி சொல்லும்போது அவன் இரண்டு காலையும் தரையில் ஊன்றுவது என்று முடிவாயிற்று. ஆள் பிரேக்கைவிடப் பலமடங்கு கனமாயிற்றே என்று கணக்கர் மெல்ல இழுத்தார். ஆள் சாமான் அல்ல, பயணி. தனி டிக்கெட்டில் வருவான், வண்டியின் எடையில் சேரமாட்டான் என்று ஜெகநாதன் விளக்கினார். சட்டப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டீ கொண்டுவந்த பன்னீர்செல்வத்தின் கால்களை எல்லோரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள்.

முதல் வாரம் அவன் செருப்புகள் தேய்ந்தன. அடுத்த வாரம் குதிகால் தேய்ந்தது. முன்னாலிருந்து ஜெகநாதன் "ரோக்கோ" என்பார். தமிழில் நிறுத்து என்றால் அரசாங்க வண்டி நிற்காது என்பது அவர் எண்ணம். பன்னீர்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றுவான். முழங்கால் வழியாக இடுப்புவரை வலி ஏறும். பத்துபஸ்தியில் இருந்த வீட்டுக்குப் போனதும் மனைவி இந்திராணி வெந்நீரில் உப்புப் போட்டு அவன் காலை அமுக்கிவிட்டபடி, இந்த உத்தியோகத்தில் தீ வைக்க என்று அழுவாள்.

பிறகு பின்பிரேக் உதவியாளர் என்ற பதவி மேலிடத்து அனுமதியோடு நிரந்தரமாயிற்று. காக்கிச் சட்டையும் இரும்பு லாடம் அடித்த பூட்ஸும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்திராணி அழுவதை நிறுத்திவிட்டாள். குழாயடியில் யாராவது அவனைப் பியூன் என்று சொன்னால் திருத்தினாள். அவனும் வலியை யாரிடமும் சொல்வதில்லை. வண்டியை ஓட்டுவது அதிகாரி, நிறுத்துவது தான் என்ற எண்ணம் மெல்ல மெல்ல அவனுக்குள் ஊறியிருந்தது.

ஊரிலும் அது பரவியது. பின்னால் ஆள் வைத்து ஓட்டினால்தான் ஆபீசர் என்று ஆகிவிட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்த கான்ட்ராக்டர்கள் நசீருதீனிடம் போய்ப் பிரேக்கைக் கழற்றிவிட்டு, மச்சினனையோ கடைப்பையனையோ பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். வெறும் சைக்கிள் வைத்திருந்தவர்கள்கூட ஆள் தேடினார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. நாகரிகம் வளரும்போது இதெல்லாம் சகஜம் என்று ஜெகநாதன் சொல்லிவிட்டு, பதவி உயர்வு பெற்று மெயின்லேண்டுக்குக் கப்பலேறினார்.

அவர் இடத்துக்கு வந்த கிருஷ்ணமூர்த்தி இளைஞர், கொஞ்சம் படித்தவர். அக்கரையில் முதல் சவாரியிலேயே பின்னாலிருந்து தீப்பொறி பறப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லி, பன்னீர்செல்வத்தைப் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். பாதம் இருந்த நிலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்கலையாப்பா?"

"வலிக்குது சார்."

"அப்ப பிரேக்கைத் திரும்ப மாட்டச் சொல்றேன். அலுவலகத்தைக் கொஞ்சநாள்ல இந்தப் பக்கமே மாத்திட்டா வண்டியைப் படகுல ஏத்தவே வேண்டாம்."

பன்னீர்செல்வம், "அதை மாட்டிட்டா நான் யாரு சார்?" என்று கேட்டான்.

விஷயம் அன்றைக்கே அக்கரை முழுவதும் பரவியது. குடியானவர்கள் திரண்டு வந்தார்கள். பம்பு செட்டு வரவில்லை, காட்டுப் பன்றி வயலை அழிக்கிறது என்று கேட்கக்கூட அவர்கள் இப்படித் திரண்டதில்லை. இதே மாதிரி இன்னும் நாலு வண்டி வரும், நாலு பேருக்கு உதவியாளர் வேலை கிடைக்கும் என்று ஜெகநாதன் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லோர் வீட்டிலும் ஒரு பிள்ளை அதற்காகக் காலைத் தேய்த்துப் பழகிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணமூர்த்தி கூட்டத்தில் உதயசூரியனைக் கண்டுபிடித்து, உங்கள் எலும்பையே முறித்த வண்டியாயிற்றே, நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

உதயசூரியன் கோணிப்போன தோளைத் தடவிக்கொண்டு எழுந்தார். "எலும்பு ஒடஞ்சது போனது போகட்டும் சார். என் தம்பிக்கு வேலை போட்டுக் குடுக்கிறதா பழைய சாப் வாக்குக் குடுத்திருக்காரு. பிரேக்கை மாட்டி ஏழைங்க வயித்துல அடிச்சுடாதீங்க."

கூட்டம் கைதட்டியது. பன்னீர்செல்வமும் தட்டினான். கிருஷ்ணமூர்த்தி அலுத்துப்போய் வண்டியில் ஏறி, "சலோ" என்றார்.

மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம் அது. படகுத்துறைக்கு இறங்கும் ரோடு வழுக்கியது. கிருஷ்ணமூர்த்தி ரோக்கோ, ரோக்கோ என்று கத்தியதை ஜனங்கள் கேட்டார்கள். பன்னீர்செல்வம் தன் பதவிக்கு உரிய முறையில் இரண்டு காலையும் ஊன்றினான். லாடம் ஈரத்தில் சறுக்கியது. வண்டி நேரே படகுத்துறைத் தூணில் மோதியது. மிச்சமிருந்த ஆரக்கம்பிகள் நொறுங்கி, பின்சக்கரம் தனியே உருண்டு கடலில் விழுந்தது. கிருஷ்ணமூர்த்திக்குச் சிராய்ப்பு. பன்னீர்செல்வத்தின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தபோது இந்திராணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் சாத்துக்குடியும் பிஸ்கட்டுமாக அக்கரை ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக உதயசூரியன் தம்பியோடு உள்ளே வந்தார். எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த இடம் இப்போது காலிதானே என்று கேட்டார்.

பன்னீர்செல்வம் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தான். போர்வைக்கடியில் தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிக் காலியாகும்?" என்றான். "எல்லா வண்டியிலயும் பின்பிரேக்கை ஒத்தக் காலாலதானே மிதிக்கிறாங்க."