வெள்ளையடித்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நோயாளி

நோயாளிகள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று யோசித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யோசித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். (இதை எழுதவே இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எழுத்து கோணினால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ளவும்.)

அறுபதுகளின் தொடக்கம். திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். (ஊர்ப் பெயர் வேண்டாம். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.) எங்கள் டாக்டர் லீவில் போயிருந்த வாரம் பார்த்து ஒரு கடிதம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார். பர்மா, ஆப்பிரிக்கா என்று ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளைச் சுற்றி, இருக்கிற வசதியிலேயே தவறில்லாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறவர்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இன்ஸ்பெக்‌ஷன்.

சுவருக்கு வெள்ளையடித்தேன். தொட்டிச் செடிகளை இலை இலையாகத் துடைத்தேன். மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ் துருப்பிடித்திருந்தது. உள்ளே இருந்த மருந்துகளை ஜன்னலோரம் அடுக்கிவிட்டு, அதற்கும் உள்ளும் புறமும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். மறுநாள் காலையில் வாசலைப் பார்த்தால் வரிசையாக ஜனம். இருமுகிறார்கள், வெற்றிலை துப்புகிறார்கள். என் சுவர்!

"நாளைக்கு வாங்க. இன்னைக்குப் பெரிய டாக்டர் வாராங்க" என்றேன்.

"டாக்டர் வாராங்கன்னா எங்கள எதுக்குப் போகச் சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்டார். அப்போது அது வம்பாகத் தெரிந்தது; எல்லாரையும் திருப்பி அனுப்பினேன்.

டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ரிஜிஸ்டர்களை நீட்டினேன். தொடவே இல்லை.

"இதெல்லாம் அப்புறம். எனக்கு ஒரு நோயாளி போதும். அவங்க உள்ள நுழையிறதிலேர்ந்து மருந்து வாங்கிட்டுப் போறவரைக்கும் கூடவே நடப்பேன். எங்க தப்பு நடக்குதுன்னு அப்பத்தான் தெரியும். யாரையாவது கூப்பிடுங்க."

"யாரும் வரலைங்கம்மா. இங்கிட்டு எல்லாரும் நல்ல சொகமா இருக்காங்க."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இத்தனை நாடு சுத்தியிருக்கேன். இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லையே."

"இந்தா, வந்துருவாங்கம்மா" என்று பின்பக்கமாகக் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். ஏழு வயது மகள் செல்வி சுருண்டு படுத்திருந்தாள்.

"எந்திரி. அந்த அம்மா கேட்டா வயித்து வலின்னு சொல்லணும்."

"தொண்டைதான்ப்பா வலிக்குது."

"அது வேணாம். வயித்து மருந்துதான் கலக்கித் தயாரா வச்சிருக்கேன். வயிறு!"

அடுப்படியிலிருந்து மனைவி அன்னம்மாள் கத்தினாள். "ரெண்டு நாளா பாருங்க பாருங்கன்னு சொல்றேன். ஊருக்கெல்லாம் மருந்து, ஒங்க பிள்ளைக்கு ஒண்ணுமில்லையா?"

"மாங்காயத் தின்னா வலிக்கத்தான் செய்யும்" என்றபடி பிள்ளையைத் தூக்கினேன். உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்தேன். (பத்து வருஷ அனுபவம் உள்ள கம்பவுண்டர்!)

"எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டரம்மா கேட்டார். செல்வி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வயிறு" என்றாள். சொல்லி எச்சில் விழுங்கியபோது முகம் கோணியது.

"வாயத் திற." டார்ச் அடித்துப் பார்த்தவர், கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். உள்நாக்கின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

"தொண்டை அடைப்பான், டிப்தீரியா. இதுக்கு ஊசி போடுற சீரம் இருக்கா?"

"இருக்குங்கம்மா!" எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கை கதவில் ஒட்டிக்கொண்டது. உள்ளே பெயிண்ட் நாற்றம் மட்டும் இருந்தது. அப்புறம்தான் ஜன்னல் ஞாபகம் வந்தது. குளிரிலேயே இருக்கவேண்டிய சீரம் புட்டிகள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் ஒரு புட்டியைத் தொட்டுப் பார்த்துக் கீழே வைத்தார். "இதை நம்பிப் போட முடியாது. உடனே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகணும். இந்தப் பிள்ளையோட அப்பாவைக் கூப்பிடுங்க."

"நான்தாங்கம்மா."

அவர் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஜீப்பில் செல்வி என் மடியில் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சும் ரம்பம் இழுப்பதுபோல் வந்தது. அடுத்தது வருமா, வருமா என்றே வழி முழுக்கக் காத்திருந்தேன். அவள் பாவாடையில் என் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல சீரம் இருந்தது. பிழைத்தாள்.

மூச்சு சீரானதும் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லுங்க. காலையில எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க? அதுல எத்தனை பிள்ளைங்க?"

நான் எண்ணவில்லை. என் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போய், "வாயத் திறங்க" என்று கெஞ்சினேன். நல்லவேளை, வேறு யாருக்கும் அது இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

போன மாதம் செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்த மாப்பிள்ளை லேசாக இருமினார். அடுத்த நிமிஷம் என் கையில் டார்ச். "தம்பி, கொஞ்சம் வாயத் திறங்க."

சபையே அதிர்ந்துபோனது. அன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே இருந்து செல்வியின் குரல் வந்தது: "தொண்டை வலிச்சா தொண்டைன்னே சொல்லிருங்க. எங்கப்பா பேச்சக் கேட்டு வயிறுன்னு சொல்லிறாதீங்க!"

பையன் சிரித்துக்கொண்டே பெரிதாக வாயைத் திறந்தார். சுத்தமாக இருந்தது. சம்மதம் சொல்லிவிட்டேன்.