முறைப்படி அந்தக் கோட்டு உங்களுக்கே

மதிப்பிற்குரிய சின்னண்ணனுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் என் முதுகுவலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் சின்னண்ணியும் சௌக்கியமா என்று கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டியது உங்கள் முறை. எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியண்ணன் தவறிப்போய் நாற்பத்தாறு நாள் கழித்துப் பெரியண்ணியிடமிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பெரியண்ணனுடைய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'குளிருக்கு ஆகும், போட்டுக்கொள்ளுங்கள்.' என் ஆட்சேபணை அங்கேயே தொடங்குகிறது. நம் வீட்டில் துணிக்கென்று ஒரு வழி இருந்தது. பெரியண்ணன் போட்டு, அவருக்குச் சின்னதாகிப்போனால் உங்களுக்கு. நீங்கள் போட்டு, வலது முட்டியைக் கிழித்து, சட்டைப் பையில் பேனா மையைக் கொட்டி, இனி ஆகாது என்று அம்மா சொன்ன பிறகு எனக்கு. பதினெட்டு வயது வரை நான் எந்தத் துணிக்கும் இரண்டாவது ஆளாகக்கூட இருந்ததில்லை, மூன்றாவது ஆள்தான். அப்படியிருக்க, இந்தக் கோட்டு உங்களைத் தாண்டி நேராக என்னிடம் எப்படி வந்தது? நீங்கள் வேண்டாம் என்றீர்களா, அல்லது பெரியண்ணி உங்களை மறந்துவிட்டார்களா? எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கவும்.

லிஃப்ட் மெக்கானிக்காகச் சேர்ந்து முதல் சம்பளத்தில் ஒரு சட்டை வாங்கிய அன்றே, இனி இன்னொருத்தர் போட்ட துணி என் உடம்பில் படாது என்று முடிவு செய்தவன் நான். நாற்பத்தொரு வருஷம் அந்த முடிவு அசையவில்லை. என் மகள் கைநிறையச் சம்பாதிக்கிறாள், ஆனால் பழந்துணிக் கடையில் தேடித் தேடி வாங்கிப் போடுகிறாள். ஏனம்மா என்றால், "பழசுதாம்பா இப்ப அழகு" என்கிறாள். அந்தக் கணக்கில் பதினெட்டு வயது வரை ஊரிலேயே நான்தான் அழகன். ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் கல்யாண வரவேற்பில் பெரியண்ணன் செய்ததை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. முதலில் சிரித்தவரே நீங்கள்தான். நான் போட்டிருந்தது புதிதாகத் தைத்த கோட்டு, தையல்காரர் குத்திய குண்டூசி ஒன்று அதிலேயே இருந்தது. சம்பந்தி வீட்டார் நடுவில் என் காலரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னோடது இல்லையே? எதுக்கும் பாத்துக்கறேன்" என்றார். அதோடு மூன்று வருஷம் நான் அவர் வாசலை மிதிக்கவில்லை. மன்னிப்பு அவர்தான் கேட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. இனி அவர் கேட்பதற்கு வழியில்லை என்பது வேறு விஷயம். அடக்கத்துக்கு வந்தேன், கடைசி வரிசையில் நின்றேன். முகம் பார்க்கக் கூப்பிட்டபோது செருப்பைத் தேடுகிறமாதிரி குனிந்துகொண்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

ஆகவே பார்சல் வந்த மறுநாளே கோட்டைத் தெருமுனைப் பழந்துணிக் கடையில் கொடுத்தேன், சும்மாவே கொடுத்தேன். கடைக்காரம்மா அதைத் தட்டி உதறி, வாசல் கண்ணாடிக்குள் நிற்கிற தலையில்லாத பொம்மைக்கு மாட்டிவிட்டார். பால் வாங்கவும் அந்த வழி, மருந்து வாங்கவும் அந்த வழி. எந்நேரமும் பெரியண்ணனே நிற்கிறமாதிரி இருக்கிறது. தலையில்லாததால் என்னைக் கிண்டல் பண்ணவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒரு குண்டு மனிதர் உள்ளே போய் அதைப் போட்டு, பொத்தான் மாட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், "சார், அது கக்கத்துல பிய்யும்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டவரைத் தெரியும். கோபம் வந்தா கையைத் தூக்கித் தூக்கிப் பேசுவாரு."

வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஒரு சின்னப் பெண் தன் அப்பாவுக்கென்று எடுத்தாள். "அப்பாகூடப் பேசிக்கிட்டு இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "தினமும் பேசறேனே, ஏன் கேக்கறீங்க?" என்றாள். "அப்ப புதுசா வாங்கிக் குடு" என்றேன். அவளும் போய்விட்டாள்.

நாலாம் நாள் கடைக்காரம்மா என்னை வாசலிலேயே மடக்கினார். "பெரியவரே, குடுத்ததும் நீங்க, விக்க விடாததும் நீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நல்ல ஆளாப் பாத்துக் குடுத்தா நான் ஏன் வரப்போறேன்?"

"எந்த ஆளு நல்ல ஆளு, நீங்களே சொல்லுங்க."

நான் கண்ணாடி வழியாகக் கோட்டின் பொத்தான்களை எண்ணினேன்.

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா சும்மா தர மாட்டேன். நாலு நாளா உங்களாலே ஒரு கைக்குட்டைகூடப் போகலை."

ஆக, பழந்துணிக் கடையில் என் வாழ்க்கையிலேயே முதன்முதலாக நான் காசு கொடுத்து வாங்கியது நானே சும்மா கொடுத்த துணி. கடைப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு இருக்கும்போது ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டு வந்திருந்தா பஸ் டிக்கெட்டோட முடிஞ்சிருக்கும்" என்றாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவளும் எழுப்பவில்லை.

இதனால் நான் தெரிவிப்பது என்னவென்றால், கோட்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் உங்களுக்கே அனுப்புகிறேன். வாங்கினேனே தவிர ஒரு கையைக்கூட நுழைத்துப் பார்க்கவில்லை. முறைப்படி நீங்கள் போடுங்கள். கோட்டுக்கு முட்டி கிடையாது, முழங்கையையாவது கிழியுங்கள். பையில் மையைக் கொட்டுங்கள். போட்டுப் போட்டுச் சலித்த பிறகு எனக்கு அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன். ஒரே நிபந்தனை: நீங்களே உங்கள் கையால் கட்டி, உங்கள் கையெழுத்தில் விலாசம் எழுதி அனுப்ப வேண்டும். சின்னண்ணி அனுப்பிவைத்தால் நான் வாங்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சின்னண்ணிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி; கடைசிப் பிள்ளைக்கு மட்டும் எப்போதும் புதிதாகவே எடுக்கவும்.

இப்படிக்கு,
கோபம் தீராத தம்பி

பின்குறிப்பு: பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம், பார்சல் இல்லை. தபாலாபீசில் நல்ல கூட்டம், குளிர் வேறு. கையில் சுமப்பானேன் என்று மேலே போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "பார்சல் எங்கே?" என்றார். கழற்ற மனசு வரவில்லை. பெரியண்ணன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்புக்காரர். அவருடைய கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து உள்பக்கம் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பெரியண்ணியின் கைத்தையல். வாராவாரம் போய்ப் பார்த்தவர் நீங்கள், பெரியண்ணன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறார் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் வந்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை. எழுதியிருக்கலாம். கோட்டு என் மேலேயே இருக்கிறது. வேண்டுமென்றால் நேரில் வந்து கழற்றிக்கொண்டு போகவும். நான் எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்.