ஒலிக்காரர் சனிக்கிழமை வருகிறார்

இனிமேல் என் மனைவியின் குரலுக்கு நானே முழுப் பொறுப்பு என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வருவதற்குள் அவள் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். அவரோடுதான்.

அவர் என்றால் ஒலிக்காரர். நாவல்களை வாசித்துப் பதிவு செய்து, காதால் கேட்கும் புத்தகங்களாக வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு என் மனைவி குரல் கொடுக்கிறாள். அங்கே ஒலிப்பதிவைக் கவனிப்பவர் அவர். அவருக்குப் பெயர் இருக்கிறது. அதை உச்சரிக்கும் பெருந்தன்மைதான் எனக்கு இல்லை.

முதல் புத்தகத்துக்கு அவள் நேரில் போய் வாசித்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து வீட்டில் ஒரே ஒலிக்காரர் புராணம்.

"என் குரல்ல ஒரு வெதுவெதுப்பு இருக்காம். அவர் சொன்னார்."

"ஜுரமா இருக்கும்."

"நெஞ்சுலேர்ந்து வருதாம்."

"எல்லாருக்கும் அங்கேருந்துதான் வரும். முழங்காலிலேர்ந்தா வரும்?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வெதுவெதுப்பானவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அதில் பத்து வருடம் நான் வெளிநாட்டில் வேலை பார்த்தேன். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், இந்தக் குரலை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு காலம் தள்ளியவன். அப்போதும் அதில் வெதுவெதுப்பு இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது. சொல்லத்தான் விட்டுப்போயிற்று. நான் சொல்லாமல் பத்து வருடம் கிடப்பில் போட்டதை, அந்த மனுஷர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அதுதான் எரிந்தது.

இரண்டாவது புத்தகத்தை வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம் என்று சொல்லி, நிறுவனம் ஒரு மைக்கையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் அனுப்பி வைத்தது. மைக்கிலிருந்து வரும் மெலிந்த சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்பும், அந்தச் சத்தத்தைச் சீவிச் சிங்காரிக்கும் வாய்ஸ் பிராசஸரும் ஒரே பெட்டிக்குள். முன்பக்கம் பதினோரு குமிழ்கள், ஆறு பட்டன்கள், பச்சை மஞ்சள் சிவப்பில் விளக்குகள். அந்தச் செவ்வாய்க்கிழமை போன், அதைப் பற்றித்தான்.

"சனிக்கிழமை அவரே வந்து எல்லாத்தையும் மாட்டித் தர்றாராம்," என்றாள்.

"எதுக்கு? நான் இல்லையா?"

"நீங்களா?"

"நான் யாரு? என் தொழில் என்ன?"

"அதான் யோசிக்கிறேன்."

என் தொழில், கையேடுகளை மொழிபெயர்ப்பது. சலவை இயந்திரம், மின்னடுப்பு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று முந்நூறு கையேடுகளாவது என் கை வழியாகத் தமிழுக்கு வந்திருக்கும். அந்தக் கருவிகளில் ஒன்றையும் நான் இயக்கியதில்லை என்பது உண்மைதான். ஆனால் எப்படி இயக்கக் கூடாது என்று என்னளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

"சனிக்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு," என்றேன்.

சின்ன அறையில், துணி அலமாரியின் முன்னால் மேஜை போட்டோம். தொங்குகிற துணிகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். இதுவும் அவர் சொன்னதுதான். நான் மைக்கைத் தாங்கியில் பொருத்தினேன். மூன்று ஊசி உள்ள ஒயரைப் பெட்டியின் முதுகில் சொருகினேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

"கெயின் குமிழ். இதைத் திருகினா சத்தம் ஏறும். சிவப்பு விளக்கு எரியாம பார்த்துக்கணும். அடுத்தது கம்ப்ரஸர். நீ கத்தினா அடக்கும், முணுமுணுத்தா தூக்கிவிடும். எப்பவும் ஒரே சீரா வெச்சிருக்கும். அடடா, கல்யாணத்தன்னைக்கே உனக்கு இப்படி ஒண்ணு மாட்டியிருக்கணும்."

"உங்களுக்கு ஒண்ணு மாட்டியிருக்கே, நான்தான்."

"சரி, பேசு."

"என்ன பேச?"

"எதையாவது."

"எதையாவது."

சத்தமே இல்லை. கெயினைத் திருகினேன். இல்லை. எல்லாக் குமிழையும் திருகினேன். ஒயரை மாற்றினேன். மைக்கைத் தட்டினேன். தட்டக் கூடாது என்று எட்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் போயிற்று.

"இதுல நாற்பத்தெட்டுன்னு போட்டு ஒரு பட்டன் இருக்கே, அது என்ன?"

"தொடாதே!"

தொட்டாள். விளக்கு எரிந்தது. அவள் விட்ட பெருமூச்சு, ஹெட்போன் வழியாக என் காதில் புயலாக அடித்தது. இந்த மாதிரி மைக்குக்குப் பெட்டியிலிருந்து நாற்பத்தெட்டு வோல்ட் மின்சாரம் போக வேண்டுமாம். ஃபாண்டம் பவர் என்று பெயர். முன்பொரு கையேட்டில் அதை நான் 'பேய் மின்சாரத்தை இயக்கவும்' என்று மொழிபெயர்த்தேன். அந்தக் கம்பெனி அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

"அதைத்தான் கடைசியா அழுத்தலாம்னு வெச்சிருந்தேன்," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

வாசிக்கும்போது யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். காதில் ஹெட்போனும் மாட்டிக்கொள்ள மாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு முதல் அத்தியாயத்தை வாசித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மைக்குக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. என்னோடு பேசுவதென்றால் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கத்துவாள். ஒரு இரும்புத் துண்டுக்குக் கிடைத்த அந்த ஒரு சாண், எனக்கு எத்தனை வருடமாகக் கிடைக்கவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ஒலிக்காரர் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரமாதம் மேடம். ஒரே ஒரு விஷயம். பின்னாடி ஏதோ மூச்சிரைக்கிற சத்தம் வருது. வீட்ல நாய் வளர்க்கறீங்களா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா சார், ஒண்ணு இருக்கு. கடிக்காது."

எனக்கு ரோஷம் வந்தது. கையேட்டைப் புரட்டினேன். 'கேட்' என்று ஒரு குமிழ் இருந்தது. சின்னச் சத்தங்கள் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிடுமாம். என் மூச்சு நுழையவே முடியாத அளவுக்கு அதைத் திருகி வைத்தேன். அடுத்த அத்தியாயம் போயிற்று. அடுத்த போன் வந்தது.

"மேடம், ஒவ்வொரு வார்த்தைக்கும் வால் அறுந்து விழுது. கதாநாயகி வீட்டுக்கு யாரோ 'வந்தா'ன்னு மட்டும் கேக்குது. வந்தது அவனா, அவளா, அவங்களான்னு கடைசி வரைக்கும் தெரியலை. நான் வேணும்னா சனிக்கிழமை வந்து—"

"வேண்டாம்!" என்று நான் கத்தினேன்.

"நாய் இன்னிக்கு ரொம்பக் குரைக்குதே," என்றார் ஒலிக்காரர்.

கேட்டைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். அப்படியானால் நான் கதவருகே நிற்க முடியாது. நிற்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே ஒரு நீளமான ஒயர் வாங்கி வந்தேன். பெட்டியின் ஹெட்போன் துளையில் ஒரு நுனியைச் சொருகி, மேஜைக் காலை ஒட்டி இறக்கி, கதவிடுக்கு வழியாகக் கால் மிதியடிக்கு அடியில் விட்டு, கூடத்தில் என் மேஜை வரை கொண்டுவந்தேன். இனி நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையேடு மொழிபெயர்ப்பேன். பார்க்கிறவர்களுக்கு, பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிற ஒரு நல்ல மனிதன். மைக் கேட்பதெல்லாம் என் காதிலும் விழும். இதை ஒட்டுக்கேட்பது என்று சொல்லக் கூடாது. தரக் கட்டுப்பாடு.

இரண்டு நாள் நாவல் மட்டும்தான் வந்தது. மூன்றாம் நாள் வாசிப்பை நிறுத்தினாள். ஒரு சிரிப்புச் சத்தம்.

"சொல்லுங்க சார்... ஐயோ, போங்க. அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இவள் பக்கம் மட்டும்தான். ஆனால் அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதுவதற்கு எனக்குக் கையேடு தேவைப்படவில்லை.

"வெந்நீரா? குடிச்சா நல்லதுதான். ஆனா யார் போட்டுத் தர்றது?... நீங்களா? ஃபிளாஸ்க்ல கொண்டுவந்து தருவீங்களா? உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்!"

அவள் வாசிக்க உட்காருவது பத்து மணிக்கு. மறுநாள் காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அவள் மேஜையில் ஃபிளாஸ்க் இருந்தது. பக்கத்தில் டம்ளர். டம்ளருக்கு மூடி.

"என்ன திடீர்னு?" என்றாள்.

"தோணிச்சு."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்குத் தோணக் கூடாதா?"

"தோணட்டும், தோணட்டும்."

அடுத்த நாள் ஹெட்போனில்: "குளியலறைக் குழாய் சொட்டுதுங்க. அது மைக்ல கேக்குதா? ரெண்டு வருஷமா சொட்டுது சார்... நீங்களே வந்து வாஷர் மாத்தறீங்களா? கடவுளே, எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!"

என் குளியலறைக்குள் இன்னொருவன் திருப்புளியோடு நுழைவதா? சாயங்காலத்துக்குள் வாஷர் மாறியது. முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சட்டை நனைந்தது. மானம் நனையவில்லை.

பிறகு பால்கனிக் கதவின் கீல். எண்ணெய் போட்டேன். பிறகு மத்தியானம் பாத்திரம் கழுவுகிற சத்தம். பத்து மணிக்கு முன்பே நானே கழுவிக் கவிழ்த்தேன். பிறகு கூடத்து மின்விசிறியின் கடகடப்பு. ஏணி போட்டு ஏறி, இறக்கைகளைத் துடைத்து, திருகாணிகளை முடுக்கினேன். அவர் எதையெல்லாம் செய்ய முன்வந்தாரோ, அதையெல்லாம் அவருக்கு ஒரு படி முன்னால் செய்து முடித்தேன். தோற்றுக்கொண்டே இருக்கிறார் என்பதுகூடத் தெரியாத ஒரு எதிரி. மொழிபெயர்ப்பு வேலை தேங்கி நின்றது. ஒரு ரொட்டி சுடும் கருவி நான்காம் பக்கத்தோடு நின்று எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை பெரிய குண்டு விழுந்தது.

"அலமாரியா? பாதிதான் சார் என்னோடது. மீதியில அவர் சட்டை... அதையும் காலி பண்ணிட்டு உள்ளே பஞ்சு மெத்தை அடிச்சா ஸ்டூடியோ மாதிரி ஆயிடுமா? அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? சட்டைன்னா உயிரை விடுவார்... சனிக்கிழமை நீங்களே வந்து பேசறீங்களா? சரி சார். சனிக்கிழமை. காத்திருக்கேன்."

காத்திருக்கிறாளாம்!

வியாழன் முழுக்கச் சட்டைகளை வெளியே எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தபோது பரண் மேல் போட்ட பெட்டியை இறக்கி, அதற்குள் அடைத்தேன். வெள்ளி முழுக்கப் பஞ்சுப் பலகைகளை வெட்டி, பசை தடவி, அலமாரியின் மூன்று பக்கமும் ஒட்டினேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே நாற்காலி போட்டேன், சின்ன விளக்கு வைத்தேன். மைக்கையும் கறுப்புப் பெட்டியையும் இடம் மாற்றினேன். இந்த முறை நாற்பத்தெட்டை முதலிலேயே அழுத்தினேன். கெயினைப் பச்சையில் நிறுத்தினேன். கம்ப்ரஸரைக் கால்வாசி திருகினேன். அவளை உட்காரவைத்து ஒரு வரி வாசிக்கச் சொன்னேன்.

ஹெட்போனில் கேட்டேன். அலமாரியும் இல்லை, அறையும் இல்லை. குரல் மட்டும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. நெஞ்சிலிருந்து வருகிற குரல்தான். அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"வெது—" என்று ஆரம்பித்தேன். அது அவர் வார்த்தை. விழுங்கிவிட்டு, "தெளிவா இருக்கு," என்றேன்.

சனிக்கிழமை பிறந்தது. நல்ல சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன், எல்லாம் கசங்கியிருந்தது. கசங்கியதையே போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஒலிக்காரர் வரவில்லை. எனக்கு வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவள் போனிலிருந்து அவருடைய எண்ணை எடுத்து, பால்கனிக்குப் போய் என் போனில் அழைத்தேன். எடுத்தார்.

"சார், நான் மேடத்தோட வீட்டுக்காரர் பேசறேன். நீங்க இனிமே வரவேண்டிய அவசியமே இல்லை. வெந்நீர் நான் போட்டாச்சு. வாஷர் மாத்தியாச்சு. கீலுக்கு எண்ணெய் போட்டாச்சு. அலமாரியே காலி பண்ணியாச்சு! என் மனைவியோட குரலை நான் பார்த்துப்பேன். நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆள் வாயடைத்துப் போய்விட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. போன் துண்டிக்கப்பட்டது. ஒரு நிமிடம் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

'வணக்கம் சார். மன்னிக்கவும், தொண்டையில் அறுவை சிகிச்சை. மூன்று வாரமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, டாக்டர் உத்தரவு. மேடத்துக்கும் எனக்கும் இப்போது மின்னஞ்சல் மட்டும்தான். வெந்நீர், வாஷர் எதுவும் புரியவில்லை. உங்கள் நாய் நலமா?'

மூன்று வாரம். வெந்நீருக்கு முன்பிருந்தே.

சின்ன அறைக்குப் போனேன். அலமாரிக்குள், பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே, அவள் டம்ளர் மூடியைத் திறந்து நிதானமாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். குறுஞ்செய்தியை நீட்டினேன். படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அப்போ இத்தனை நாளா யார்கிட்டதான் பேசிட்டிருந்தே?"

"உங்ககிட்டதான்," என்றாள். "நேர்ல சொன்னா நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்க. ஒட்டுக்கேட்டா உடனே செஞ்சுடறீங்க."