உப்பு மூட்டையோடு ஐந்து சுற்று

கவலைப்படுகிறவனிடம் ஒரு குறை உண்டு. நூறு ஆபத்துகளை எண்ணி வைத்திருப்பான். வந்து சேர்வது நூற்றியோராவதாக இருக்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து, நனைந்து, எரிந்து கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளில் நான் ஸ்ரீபெரும்புதூரில் கணக்கு வாத்தியார். என் சிநேகிதன் எத்திராஜ் வடக்குப்பட்டுக்காரன். வேர்க்கடலை விதைக்கிற குடும்பம். அவன் மட்டும், புதிதாக மோட்டார் சைக்கிள் செய்ய வந்த ஒரு கம்பெனியில், வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலையில் தினக்கூலியாக இருந்தான். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று சேரப்பணஞ்சேரி மாமா கறாராகச் சொல்லிவிட்டார். பெண் பெயர் கஸ்தூரி. அந்தப் பெயரைச் சொல்லும்போது எத்திராஜ் கிளட்சைப் பிடித்தவன் மாதிரி ஒரு கணம் நிற்பான்.

நிரந்தரமாக்கக் கம்பெனி ஒரு பரீட்சை வைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக மறுபடி ஸ்ரீபெரும்புதூர். இப்படி ஐந்து சுற்று, ஒரே பகலில். பின்னால் ஒரு ஆள் வேண்டும். வண்டி சுமக்கும் எடை வளர்ந்த இரண்டு ஆண்களின் எடையாக இருக்க வேண்டும். கிளம்பும்போதும் முடிக்கும்போதும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

எத்திராஜ் நம்பிக் கூப்பிட்டது என்னை. அன்று என் எடை நாற்பத்து நான்கு கிலோ, மூக்குக் கண்ணாடியையும் சேர்த்து.

"கொறையிற எடைக்கு மணல் மூட்டை ஒண்ணு கட்டிக்கலாம்டா" என்றான்.

நான் ஒப்புவேனா? மூட்டை கிழிந்தால் மணல் செயினுக்குள் போகும். செங்கல் என்றால் முதுகெலும்பு போகும். இரண்டு நாள் யோசித்து, கல்லுப்பு என்று தீர்ப்புச் சொன்னேன். மலிவு. முதுகுக்கு அணைவாகவும் இருக்கும்.

"உப்பா? இன்னாடா சொல்றே?"

"கணக்கு போட்டுத்தான் சொல்றேன். நீ வண்டியை மட்டும் பாரு."

(விஞ்ஞான வாத்தியார் பக்கத்து வகுப்பில்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.)

பஞ்சருக்கு ஒட்டு, நாய்க்குக் குச்சி, தலைவலிக்கு மாத்திரை, துவட்ட நான்கு துண்டு, இரண்டு குடை என எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக்கொண்டேன். மூட்டையை எனக்குப் பின்னால், என் முதுகில் சாய்த்துக் கட்டினார்கள். எடை சரியாக இருந்தது. விடிகிற நேரத்தில் கிளம்பினோம். ஒரகடம் வருவதற்குள் தூறல். வாலாஜாபாத்தில் மழை. காஞ்சிபுரத்தில் அதற்குப் பெயர் மழை இல்லை. கடலில் புயல் என்று ரேடியோ சொன்னதாம். அன்று நான் ரேடியோ கேட்கவில்லை. முதல் குடை பறந்தது. இரண்டாவது, முதலாவதைப் பார்க்கப் போனது.

ஒரகடம் முனையில் முனியம்மா என்று ஒரு அம்மாள் டீக்கடை வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு நிமிடம் நிறுத்தி டீ குடிப்போம். இரண்டாம் சுற்றில் கேட்டார்:

"இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?"

மூன்றாம் சுற்றில்:

"வூட்டுக்கு வழி தெர்லயா? எங்க வூட்டுக்காரரை வேணா கூட அனுப்பட்டுமா?"

எனக்கோ ஒரு பெருமை. சுற்றுக்குச் சுற்று முதுகில் பாரம் குறைவதாகத் தோன்றியது. உடம்பு பழகிவிட்டது, நான் ஒன்றும் நோஞ்சான் இல்லை என்று எண்ணிக்கொண்டேன். உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு எரிச்சல். சாதாரண எரிச்சல் இல்லை, மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல். வாத்தியார் அதை வெளியில் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சாலையோரப் புளியமரங்களை எண்ணினேன்.

நான்காம் சுற்றில் டீக்கடையில் வண்டியைவிட்டு இறங்காமலே டம்ளரை வாங்கினேன். முதுகில் ஏதோ சொரசொரவென்று தடவியது. திரும்பினால், முனியம்மாவின் பசு. மூட்டையை ஒரு நக்கு, என்னை ஒரு நக்கு என்று முறை வைத்து நக்கிக்கொண்டிருந்தது.

"அய்ய, மாடு ஏன் சாரை நக்குது?" என்று கிட்டே வந்த முனியம்மா கோணியை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. "மூட்டைல இன்னா சார் கீது?"

"உப்பு" என்றேன்.

டீக்கடையே சிரித்தது. "உப்பு விக்கப் போனா மழை பேயும்னு கேட்டுகிறேன். மழைலயே உப்பைக் கட்டிகினு சுத்தறவரை இப்பத்தான் பாக்கறேன்!" என்றார் முனியம்மா.

எத்திராஜ் சிரிக்கவில்லை. கோணியைத் தொட்டுப் பார்த்தான். "போச்சுடா. கஸ்தூரி போச்சு" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசிச் சுற்று முழுவதும் அவன் வண்டியை மட்டும் பார்த்தான். எடையை ஈடுகட்ட நான் முனியம்மாவிடம் பதினொரு இட்லி தின்றேன். ஈரத் துண்டு நான்கையும் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். நாம் படும் பாடு தராசுக்குத் தெரியுமா? கம்பெனி வாசலில் எடை போட்டபோது பதினெட்டு கிலோ குறைந்தது.

மேனேஜர் மதராஸ்காரர். "வழியில என்னய்யா எறக்கினீங்க?"

"நான் எறக்கல சார். மழை எறக்கிடுச்சு" என்றேன்.

எத்திராஜ் நடந்ததை அப்படியே சொன்னான். மேனேஜர் வண்டியிடம் போய்க் குனிந்தார். மழை விட்டுக் காய்ந்திருந்த மட்கார்டு மடிப்பில், சைலன்சர் போல்ட்டில், ஸ்போக்ஸ் முனையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "வண்டியைக் கழுவாதீங்க. அப்படியே நிக்கட்டும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

மூன்றாம் நாள் போனோம். வண்டி கருவாட்டு நிறத்தில் நின்றது. கடலோர ஊர்களில் வண்டி துருப்பிடிக்கிறது என்று புகார் மேல் புகாராம். துரு எங்கே தொடங்குகிறது என்று கம்பெனிக்குப் புரியவே இல்லையாம். எங்கள் வண்டி ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொடுத்திருந்தது.

"வண்டியை ஓட்டத் தெரிஞ்சவன் எங்கிட்ட நெறைய பேரு இருக்கான்" என்றார் மேனேஜர். "கெடுக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அடுத்த வாரம் மணல் மூட்டையோட மறுபடி சுத்து. முடிச்சிட்டா ஆர்டர் தரேன்." என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வராதீங்க."

எத்திராஜ் மணலோடு சுற்றினான், நிரந்தரமானான், கஸ்தூரியைக் கட்டினான்.

புது வீடு புகும்போது முதலில் உப்பை உள்ளே கொண்டுபோவது நம் வழக்கம். எத்திராஜ் வீடு கட்டியபோது அந்த வேலையைக் கஸ்தூரி எனக்குத்தான் கொடுத்தாள். அவன் பிள்ளைகள் வீடு கட்டியபோதும் நான்தான். போன மாதம் பேரன் ஒரகடத்தில் ஃபிளாட் வாங்கினான். வெளியே நல்ல மழை. கஸ்தூரி வாசலிலேயே தராசோடு நின்று என் கையிலிருந்த உப்புப் பொட்டலத்தை நிறுத்தாள். மூன்றாவது மாடியில் இன்னொரு முறை நிறுத்தாள்.

"அண்ணன் இந்த வாட்டி முழுசா கொண்டாந்துட்டாரு!" என்று அவள் கூவ, வந்திருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குத்தான் சந்தேகம். இன்னொரு முறை நிறுக்கச் சொன்னேன்.